ஆடியில் வாங்கிய கம்ப்யூட்டர்

அந்தப் பெட்டியின் மேல் எதையும் வைக்கக் கூடாது என்பது ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் சட்டமாக இருந்தது. வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. முன்னறைதான் அம்மாவின் கடை. தண்ணீர் பாட்டில், கற்பூரம், பிஸ்கட், சோடா, வெயில் காலத்தில் மோர். பௌர்ணமி நெருங்கும்போது சரக்கு வந்து இறங்கும். கடையில் கொள்ளாதது வீட்டுக்குள் வரும், கட்டிலுக்கு அடியில் போகும், சமையலறை வாசல் வரைக்கும் அடுக்கி நிற்கும். கால் வைக்க இடமில்லாத அந்த நாட்களில்கூட, சாமி அலமாரிக்குப் பக்கத்தில் நின்ற அந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒரு பிஸ்கட் பாக்கெட் ஏறவில்லை. மூன்று பக்கமும் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள் அம்மா. நான் சென்னையிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், சாப்பிட்டியா என்று கேட்ட கையோடு, "உன் பொட்டி நல்லா இருக்குது" என்பாள். வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் விருந்தாளியைப் பற்றிச் சொல்வது போல இருக்கும்.

பெட்டிக்குள் இருந்தது என் கம்ப்யூட்டர். அது எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்னால் அதைக் கம்ப்யூட்டருக்குள் முழுசாகக் கட்டிப் பார்ப்பவர்கள் நாங்கள். தூண், உத்தரம், தண்ணீர்க் குழாய், ஏசி குழாய், மின்சாரக் கம்பி எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து, எது எதன் மேல் மோதுகிறது என்று பட்டியல் போட்டுக் கொடுப்போம். காகிதத்தில் யாருக்கும் தெரியாத மோதல்கள் இதில் தெரிந்துவிடும். எனக்கு இந்த வேலை பிடித்ததற்குப் பாதிக் காரணம் அந்தப் பட்டியல்தான். ஆனால் சாதாரண லேப்டாப் இதைத் தாங்காது. என் பழைய லேப்டாப்பில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தைத் திறந்தால், அது திறப்பதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். அதற்கப்புறம் அப்படியே நின்றுவிடும்.

அப்பா இறந்த பிறகு அம்மா தனியாகத்தான் இருந்தாள். தம்பிக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் வேலை. ஒரு பௌர்ணமி அன்று கடையில் கூட்டம் நெருக்கியபோது அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி, சோடா பெட்டிகளுக்கு நடுவில் சாய்ந்துவிட்டாள். கிரிவலம் வந்த யாரோ ஒரு பெண்தான் தூக்கி உட்கார வைத்து, எங்கள் கடை சோடாவையே உடைத்துக் குடிக்க வைத்திருக்கிறார். இது எனக்கு நாலைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் பக்கத்து வீட்டு அக்கா வேறு எதையோ சொல்ல வந்து வாய் தவறிச் சொன்னது. வந்து கூட இரு என்று அம்மா என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் கேட்காததால்தான் நானே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி சுலபமாகக் கிடைக்கவில்லை. எங்கள் குழுவின் தலைவி எனக்காக மேலே பேசி, ஒரு வழி பண்ணினார். அவர்கள் சொல்லும் அளவுக்குச் சக்தியுள்ள கம்ப்யூட்டரை நானே வாங்கிக்கொள்ள வேண்டும். ஆவணியில் ஒரு திங்கட்கிழமை தொடங்கி, புதிதாக வரும் மருத்துவமனைக் கட்டடத்தை வீட்டிலிருந்தே முடித்துக் கொடுக்க வேண்டும். அது நன்றாக வந்தால் தொடர்ந்து வீட்டிலிருந்து செய்யலாம். வராவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. இன்னொரு தடவை கேட்க முடியாது. சென்னை விடுதியில் என் கட்டிலை நான் காலி செய்யவில்லை. போர்வையும் பக்கெட்டும் அங்கேயே இருந்தன.

கம்ப்யூட்டரை ஆடியில் வாங்கியதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போளூர் ரோட்டில் இருக்கும் அந்தக் கடையில் வாசலை மறைத்து ஆடித் தள்ளுபடி பேனர் தொங்கியது. நான் ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வேண்டிய விவரங்களையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவும் வந்தாள். விவரங்களை நான் பேசினேன், விலையை அம்மா பேசினாள். கடைக்காரர் கடைசியில் யுபிஎஸ்ஸைச் சேர்த்தே தந்துவிட்டார். ஆட்டோவில் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரிக்கக் கத்தியைத் தேடினேன்.

"ஆடியில ஆரம்பிக்க வேணாம்டி," என்றாள் அம்மா.

"ஆடியில வாங்கலாமா?"

"வாங்கலாம். கம்மியா தர்றாங்க இல்ல."

இதற்கு மேல் அதில் வாதம் பண்ண ஒன்றுமில்லை. அன்று சாயங்காலமே நான் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும். ஆவணி பிறந்துதான் திரும்பி வருவேன். அதுவரைக்கும் அது பெட்டிக்குள் இருந்தால் என்ன, வெளியில் இருந்தால் என்ன என்று தோன்றியது. எனக்கு இந்த ஆடி, ஆவணிக் கணக்கில் பெரிய நம்பிக்கை கிடையாது. எதிர்ப்பும் கிடையாது. நம்பாத விஷயத்தில் விட்டுக்கொடுக்கும்போது நம்மிடமிருந்து எதுவும் போவதில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். கத்தியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆவணி பிறந்து, அம்மா காலண்டரில் பார்த்து வைத்த ஒரு வியாழக்கிழமை காலையில் பெட்டியைப் பிரித்தோம். அடுத்து வரும் திங்கட்கிழமைதான் எனக்கு வேலை தொடங்கும் நாள். மேசை துடைத்து, கோலம்கூடப் போட்டிருந்தாள். எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். மானிட்டரின் ஓரத்தில் ஒரு சாமந்திப் பூவைச் சொருகி, கற்பூரம் காட்டிவிட்டு, "போடு," என்றாள். பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கொஞ்ச நேரம் ஆகும்போல என்று நினைத்தபடி. எனக்கு முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் வரிசையாகப் பார்த்தேன். யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவரில் மாட்டினேன். வேறு ஒயர் போட்டேன். மானிட்டரைக் கழற்றினேன். சமையலறைக்குத் தூக்கிப் போய் மிக்சி மாட்டும் பிளக்கில் போட்டேன். எங்கே வைத்தாலும் ஒரு சுற்று, ஒரு நிறுத்தம். உள்ளே திறந்து பார்க்கலாம் என்றால் பின்பக்கம் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்தால் வாரண்டி போய்விடும். பட்டியல் அங்கே முடிந்தது.

பழைய பொருள் மக்கர் பண்ணும்போது இவ்வளவு கோபம் வருவதில்லை. கடையில் இருக்கும் எங்கள் பழைய பிரிட்ஜ் வாரத்துக்கு ஒரு தரம் நின்றுபோகும். அம்மா அதன் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டுவாள், அது ஓடும். அதன் குணம் நமக்குத் தெரியும். புதிய பொருளுக்கு அப்படி ஒரு குணம் இன்னும் வரவில்லை. எங்கே தட்டுவது என்று தெரியாது. அதைத் திட்டக்கூட வாய் வராது, ஏனென்றால் அதோடு நமக்கு எந்தப் பழக்கமும் இல்லை. கீறல் விழாமல், பிளாஸ்டிக் வாசனையோடு, தன் மேல் ஒரு தப்பும் இல்லாத முகத்தோடு அது உட்கார்ந்திருந்தது. என் கோபத்துக்குப் போக இடம் இல்லாமல் அது மெல்ல அம்மா பக்கம் திரும்புவதை நான் கவனித்தேன். அதனால் எழுந்துபோய்க் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தனியாகப் போளூர் ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் நாற்பது வயசுக்காரர், நெற்றி நிறைய விபூதி, மரியாதையாகப் பேசுகிறவர். தன் பிளக்கில் மாட்டிப் பார்த்தார். அங்கேயும் அதே ஒரு சுற்று. பில்லை வாங்கித் தேதியைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். பத்து நாளுக்குள் கொண்டு வந்தால் மாற்றித் தருவார்கள். அதற்கு மேல் போனால் ரிப்பேர்தான். ரிப்பேருக்குச் சென்னை அனுப்ப வேண்டும், இரண்டு வாரமோ மூன்று வாரமோ ஆகும். எங்கள் வட்டாரத்தில் அதே மாதிரி இன்னொன்று விற்பனைக்குக் கிடையாது, தள்ளுபடியில் எல்லாம் போய்விட்டது.

"ஒரு மாசம் வீட்டுல வெச்சிருந்துட்டு இப்ப வந்து ஓடலைன்னா நான் என்னம்மா பண்றது?"

"வெச்சிருந்தோம், ஓட்டலைங்க. நேத்துதான் பிரிச்சோம்."

"அதான் ஏன் பிரிக்கலை?"

"ஆடிங்க."

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் குரலை இறக்கி, "ஆடி மாசம்னு ஒண்ணு இருக்குறது கம்பெனிக்குத் தெரியாதும்மா," என்றார்.

கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மை. நான் வேலை செய்கிற மென்பொருளிலும் ஆடி மாதத்துக்கு ஓர் இடம் கிடையாது. ஆனால் ஆடித் தள்ளுபடி பேனர் கம்பெனி போட்டதில்லையே, நீங்கள் போட்டதுதானே என்று மட்டும் கேட்டேன். அவர் டீ வேண்டுமா என்று கேட்டார். ரிப்பேருக்கு எழுதிக்கொடுக்க மனசு வராமல், நாளைக்கு வருகிறேன் என்று பெட்டியை மட்டும் அங்கே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வெளியே வந்து குழுத் தலைவிக்குப் போன் பண்ணினேன். நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, திட்டாமல், சலித்துக்கொள்ளாமல் சொன்னார்: "நீ எங்க உக்காந்து வேலை செய்யறேங்கறது எனக்கு முக்கியமில்லம்மா. திங்கக்கிழமை காலையில உக்காரணும். முடியாதுன்னா ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிடு. ஆபீஸ்ல உன் சீட்டு இருக்கு." அவர் நல்லவர். ஆனால் பஸ் ஏறினால் அதன் அர்த்தம் என்ன என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அன்று மத்தியானம் ரமணாசிரமம் பக்கம் போய் அலைந்தேன். செங்கம் ரோட்டில் அங்கே வாடகைக்குக் கிடைக்காத பொருள் கம்மி. அறை, சைக்கிள், ஸ்கூட்டர், யோகா பாய், ஒரு கடையில் வீணைகூட. நான் சொன்ன அளவுக்குக் கம்ப்யூட்டர் கேட்டதும் ஒவ்வொருவரும் யோசித்துவிட்டு, வைஃபை நன்றாக வரும் இடம் ஒன்று சொல்லட்டுமா என்றார்கள். அந்த மாதிரி ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பழைய லேப்டாப்பில் மருத்துவமனையைத் திறந்து பார்த்தேன். பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நான் திரையில் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் மாடி தெரிந்தது. இரண்டாவது மாடி வருவதற்குள் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். பத்து நாள் விஷயத்தைச் சொல்லும்போது குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். அவள் வெற்றிலைக் கட்டைத் தண்ணீர் தெளித்து மடித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. "நான் ஒரு வார்த்தை சொன்னேன். எல்லாத்துக்கும் ஆயிரம் கேள்வி கேக்குறவ, அன்னைக்குன்னு பார்த்து நீயும் கேட்டுட்ட," என்றாள். சிரிக்க முயற்சி செய்தாள், வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவைக் கடையில் உட்கார வைத்துவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். அந்த ஆளிடம் விலை பேசியது அவள்தானே, மீதியையும் அவளே பேசிவிடுவதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் கடை திறந்ததும் போய் நின்றோம். கடைக்காரர் அதே மரியாதையோடு அதே காகிதத்தைக் காட்டினார். அம்மா அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை. கடையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரக்கு வைக்கும் இடத்தை அளப்பது அவளுடைய பழக்கம், எந்தக் கடைக்குப் போனாலும் செய்வாள். அந்தக் கடையின் பின்பக்கம் கல்யாண ஆல்பமும் பேனரும் டிசைன் பண்ணும் சின்ன அறை இருந்தது. அங்கே ஒரு அக்கா பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு மாப்பிள்ளையின் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருந்தார். அவர் மேசைக்குப் பின்னால், பிள்ளையார் படத்துக்குக் கீழே, ஒரு அட்டைப்பெட்டி நின்றது. எங்கள் பெட்டி மாதிரியே. அதே கம்பெனி, அதே எழுத்து, அதே உயரம். அதன் நெற்றியில் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும்.

"அது யாருதுங்க?" என்றாள் அம்மா.

"அது நம்ம கடைக்குங்க. டிசைனுக்கு."

"எப்ப வந்துச்சு?"

கடைக்காரர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பதில் வந்தது பின்னாலிருந்து. அந்த அக்கா மௌஸை விடாமலே சொன்னார்: "உங்களுதும் அதுவும் ஒரே வண்டியிலதாங்க வந்து இறங்குச்சு. நானும் தினம் கேக்குறேன். பிள்ளையார் சதுர்த்தி வரட்டும்ன்றாரு. இங்க ஒரு ஆல்பம் சேவ் ஆகுறதுக்குள்ள பொண்ணுக்கு வளைகாப்பே வந்துடும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். நானும்தான். வியாழக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிரிப்பு அடங்கியதும் மூன்று பேர் முகத்திலும் ஒரே நினைப்பு ஓடியது தெரிந்தது. அதைச் சொன்னது நான். எங்களுடையதோடு ஒரே வண்டியில் வந்தது என்றால், அதுவும் ஓடுமா ஓடாதா என்று பிரித்துப் பார்த்தால்தானே தெரியும். அவருக்கும் பத்து நாள் கணக்கு முடிந்துபோயிருக்குமே.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வியாபாரிக்கு வரும் கவலை அது, எனக்குப் பழக்கமான முகம். சோடா பெட்டியில் உடைசல் சத்தம் கேட்டால் அம்மாவுக்கு வரும். பிரித்துவிடலாம் என்றும் தோன்றுகிறது, சதுர்த்திக்கு முன்னால் பிரிக்கவும் கை வரவில்லை. வீட்டில் மனைவிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை, இவர் மட்டும் "ம்" போட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு, சங்கடத்தோடு அம்மாவைப் பார்த்து, "ஆரம்பிக்குறதுக்கு சதுர்த்தின்னு வேண்டிக்கிட்டோம்க்கா," என்றார்.

"ஆரம்பிக்க வேணாம். பார்க்கலாம்," என்றாள் அம்மா. "பொண்ணு பார்க்கப் போறதும் கல்யாணமும் ஒண்ணா? பார்க்குறது வேற, ஆரம்பிக்குறது வேற."

இந்த ஒரு வாக்கியம் ஆடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சொல்லப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அம்மாவும் அதையே நினைத்திருப்பாள். என் பக்கம் திரும்பாமலே இருந்தாள். கடைக்காரருக்கு அந்தச் சமாதானம் பிடித்துப்போனது. ஆனால் ராகு காலம் முடிய வேண்டும் என்றார். சனிக்கிழமை ராகு காலம் பத்தரை வரைக்கும். எனக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமாக இருந்த அந்தக் காலையில், கடைக்காரர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, நான்கு பேரும் ராகு காலம் போவதற்காகக் காத்திருந்தோம். மறுபடியும் காத்திருப்பு. இந்தத் தடவை எனக்கு அது உறுத்தவில்லை. ஆடியில் நான் காத்திருந்தது யோசிக்காமல். இப்போது எதற்காக, எவ்வளவு நேரம், முடிந்ததும் என்ன என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

பத்தரைக்குப் பெட்டி பிரிந்தது. அந்த அக்கா எழுந்து வந்து நின்றார். நான்தான் ஒயர்களை மாட்டினேன். கடைக்காரர் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்களே போடுங்கம்மா," என்றார். அழுத்தினேன். விசிறி சுற்றியது. நிற்கப் போகிறது என்று என் காது எதிர்பார்த்தது. நிற்கவில்லை. திரையில் கம்பெனியின் பெயர் வந்தது. அந்த அக்கா, "அப்பாடா," என்றார், தனக்காகத்தான்.

இதற்கு மேல் அம்மா பேசினாள். வேகமாகப் பேசவில்லை. சதுர்த்தி வரைக்கும் இது இங்கே பெட்டிக்குள்தான் இருக்கப் போகிறது. எங்களுடையது சென்னை போய் வரட்டும். அதுவரைக்கும் இது எங்கள் வீட்டில் ஓடட்டும். சதுர்த்திக்கு முதல் நாள் நாங்களே கொண்டு வந்து வைத்துவிடுகிறோம். "நீங்க ஆரம்பிக்கலை, நாங்கதான் ஆரம்பிக்கிறோம். உங்களுக்கு ஆரம்பம் சதுர்த்திக்குத்தான்."

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. புதுப் பொருளை யாருக்காவது ஓட்டக் கொடுப்பார்களா என்று கேட்டார். கேட்டுவிட்டு, கண்ணாடிக் கதவைப் பார்த்தார். அங்கே பத்து நாள் காகிதத்துக்குப் பக்கத்திலேயே ஆடித் தள்ளுபடி பேனரின் கயிறு இன்னும் அவிழ்க்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. என் வேலை எப்போது என்று கேட்டார். திங்கட்கிழமை என்றேன். எங்கே என்று கேட்டார். வீட்டில், அம்மாவோடு என்றேன். எனக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

"அப்ப எனக்கு?" என்றார் பின்னாலிருந்து அந்த அக்கா.

"உனக்கு சதுர்த்திக்குன்னுதானே சொல்லியிருக்கேன்."

"ஓடறதைக் கண்ணால பார்த்துட்டேன் இல்ல. பார்க்காம இருந்திருந்தா பரவாயில்ல."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் மூன்று பேரின் நல்ல காரியத்துக்கும் விலை கொடுப்பது அவர்தான் என்று எனக்குப் பட்டது. கல்யாண மாதம் தொடங்கிவிட்டது. அவர் மேசையில் ஆல்பங்கள் வரிசையில் காத்திருந்தன. ஆட்டோ சொல்லப் போன அம்மா திரும்பி வருவதற்குள், அவருடைய பழைய கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பார்க்கட்டுமா என்று கேட்டேன். நகர்ந்து உட்கார்ந்தார். யாரும் பயன்படுத்தாத மென்பொருள்கள், என்றோ முடிந்த கல்யாணங்கள், மூடப்படாமலே பின்னால் ஓடிக்கொண்டிருந்தவை எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுக் கேட்டு ஒதுக்கினேன். அதொன்றும் புதிதாகிவிடவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் முகம் முன்பைவிடச் சீக்கிரம் வெளுத்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "சதுர்த்தி வரைக்கும் ஓடும்," என்றார். ஆட்டோ வந்த பிறகும் ஐந்து நிமிஷம் நிற்க வைத்துவிட்டேன் என்று அம்மா வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

திங்கட்கிழமை காலை உட்கார்ந்தேன். மருத்துவமனை முழுசாகத் திறந்தது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும். அந்த நாட்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. நான் உள்ளே குழாய்களும் உத்தரங்களும் மோதும் இடங்களை எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா முன்னறையில் தண்ணீர் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தாள். நான் ஆபீஸ் மீட்டிங்கில் பேசும்போது அவள் குரல் தாழும். அவளிடம் கூட்டம் வரும்போது நான் எழுந்து போய்ச் சில்லறை கொடுப்பேன். ஒரு மத்தியானம் அவள் கை லேசாக நடுங்கியதை நான் உள்ளேயிருந்தே பார்த்தேன். எழுந்து போய்ச் சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் பால் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு டம்ளரை என்னிடமே நீட்டினாள். போனில் இதெல்லாம் தெரியாது.

எங்கள் மெஷின் சதுர்த்திக்கு முன்பே சென்னையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. உள்ளே மின்சாரம் கொடுக்கும் பாகம் ஒன்று பழுதாம், மாற்றியிருந்தார்கள். இரவல் மெஷினைத் துடைத்து, என் கோப்புகளை எடுத்துவிட்டு, பெட்டியில் பழையபடியே வைத்து ஒட்டினேன். அம்மா அதன் நெற்றியில் புதுக் குங்குமம் வைத்தாள். சதுர்த்திக்கு முதல் நாள் கொண்டு போனபோது கடைக்காரர், ஒன்றும் தெரியாதவர் போல, புதுப் பெட்டி வந்து இறங்குகிறது என்கிற முகத்தோடு வாங்கிப் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்தார். அந்த அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மருத்துவமனையை முடித்துக் கொடுத்த பிறகு, அலுவலகத்திலிருந்து பதில் இரண்டு வரியில் வந்தது. அந்த வார இறுதியில் சென்னை போய் விடுதிக் கட்டிலைக் காலி செய்தேன். போர்வையைப் பையில் திணித்து, பக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினேன். சென்னையிலிருந்து பக்கெட்டா வாங்கி வருகிறாய் என்று கண்டக்டர் கேட்டார்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம், ஆடித் தள்ளுபடியில், அம்மா கடைக்குப் புது பிரிட்ஜ் வாங்கினாள். பழையது இடுப்பில் தட்டினாலும் ஓடாத நிலைமைக்கு வந்திருந்தது. வண்டியிலிருந்து இறக்கியதும் அவளே கத்தியை எடுத்து வந்து அட்டையைப் பிரித்தாள். பிளக்கில் மாட்டச் சொன்னாள். உள்ளே விளக்கு எரிந்தது. கையை விட்டுப் பார்த்து, சில்லிடும் வரைக்கும் நின்றாள். என்னையும் கையை விட்டுப் பார்க்கச் சொன்னாள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, அட்டையைத் திரும்பப் போர்த்தி, மூன்று பக்கமும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். ஆவணி பிறக்கும் வரைக்கும் அதன் மேல் எதையும் வைக்கக் கூடாதாம். என் மேசையிலிருந்து பார்த்தால் அது தெரிகிறது.